ஆர்எக்ஸ் 100: பின் சக்கர ஆக்சில் துருவேறி இறுகிவிட்டது, கழற்ற வழி சொல்லுங்கள்

ஏரல்_ஆர்எக்ஸ்

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மாமாவிடமிருந்து ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் கைக்கு வந்திருக்கிறது. 1994 மாடல். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போய்வந்தே காலத்தைக் கழித்த வண்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் முங்கியபோது இதுவும் டேங்க் வரை தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழைதான். தண்ணீர் வடிந்ததும் ஷெட்டில் ஓரங்கட்டினார்கள், அதோடு சரி.

இஞ்சின் வேலை தனியாகப் போகிறது. இப்போது தலைவலி பின் சக்கரம். நட்டைப் பூட்டும் காட்டர் பின் துண்டுதுண்டாக வந்தது, நட் எப்படியோ கழன்றுவிட்டது, ஆனால் சக்கரத்தின் நடுவே போகும் அச்சான ஆக்சில் ஒரு நூல்கூட நகரவில்லை. ஊரில் ஒரு கடையில் விட்டேன். சம்மட்டியை எடுத்து நேராகத் திருகு முனையில் போட்டார்கள். முனை நசுங்கி ஓரம் பிதுங்கியதுதான் மிச்சம். "எடைக்குப் போட்டுருங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை) இரண்டும் வண்டியோடு வந்த அசல். அவற்றுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. என்ன செய்யலாம்?

மதுரைக்காரன்77

தம்பி, சம்மட்டி தப்பில்லை, அடித்தவர் கைதான் தப்பு. நட்டை முனை மட்டத்துக்குத் திருகி, மேலே ஒரு பித்தளைக் கட்டை வைத்து, ஒரே அடி. பத்து சின்ன அடியைவிட ஒரு பெரிய அடி மேல்.

ஈசிஆர்_ரைடர்

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள் ப்ரோ. காலையில் தானாக வரும்.

லேத்துப்பட்டறை

தானாக வருகிற ஆக்சில் என்றால் இங்கே பதிவு போட்டுக் கேட்கிற அளவுக்கு வந்திருக்காது.

ஏரல் தம்பி, சுத்தியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: ஆக்சில் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது? "இறுகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. ஒரு ஆக்சில் எதையெல்லாம் ஊடுருவிப் போகிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்து ஸ்விங் ஆர்ம், செயின் அட்ஜஸ்டர், காலர் (இடைவெளி காக்கும் சின்ன வளையம்), பிரேக் பிளேட் (பிரேக் டிரம்மை மூடும் தட்டு), ஹப்பின் ஒரு பேரிங், நடுவில் ஸ்பேசர் குழாய், அடுத்த பேரிங், பல்சக்கரம் உட்கார்ந்திருக்கிற பகுதி, மறுபடி அட்ஜஸ்டர், மறுபக்க ஆர்ம். இத்தனை இடத்தில் எங்கு வேண்டுமானாலும் பிடித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

சோதனை சுலபம். சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, செயினைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஆக்சில் முனையைக் கவனியுங்கள். சக்கரம் சுற்றி ஆக்சில் சும்மா நின்றால் பேரிங் குண்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சக்கரத்தோடு ஆக்சிலும் சேர்ந்து சுற்றினால் பேரிங்கே செத்துவிட்டது, ஆனால் இரண்டு ஓரங்களிலும் பிடிப்பு இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஆக்சில் தலையில் பாக்ஸ் ஸ்பானர் போட்டு, கைப்பிடிக்கு ஒரு குழாய் மாட்டித் திருப்பிப் பாருங்கள். திருப்புவதற்கு முன் தலை, காலர், ஆர்ம் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் வெள்ளை பெயின்ட் கோடு போடுங்கள். ஆக்சில் திரும்பவே இல்லையென்றால் பிடிப்பு ஆர்மிலோ அட்ஜஸ்டரிலோ பிரேக் பிளேட்டிலோ. சுலபமாகத் திரும்பி, வெளியே மட்டும் வரவில்லையென்றால் பேரிங்கின் உள்வளையமும் ஸ்பேசரும் ஆக்சிலோடு ஒட்டிவிட்டன. உள்வளையம் குண்டுகள் மேல் தாராளமாகச் சுற்றும், அதனால் திரும்புவது நமக்குச் சுலபமாகத் தெரியும். கோடு எங்கே உடைகிறது என்று பார்த்தால் காலர் ஒட்டியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதைச் செய்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மதுரைக்காரன்77

லேத்து அண்ணன் வாத்தியார் மாதிரி பரீட்சை வைக்கிறார். சரி, நானும் பாஸாகிறேனா பார்க்கிறேன். திருப்பும்போது ஆக்சில் தலை உருண்டுவிட்டால்?

லேத்துப்பட்டறை

அதனால்தான் அறுமுனை பாக்ஸ் ஸ்பானர் போடச் சொல்வது. பன்னிரண்டு முனை உள்ளது போட்டால் துருவேறிய தலை வழுக்கி வட்டமாகிவிடும். ஓபன் ஸ்பானர் பக்கமே போகாதீர்கள்.

உலோகக்_குறிப்பு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், வேலை உலோக ஆய்வகத்தில் என்பதால் கை சும்மா இருக்கவில்லை.

ஈசிஆர் நண்பர் சொன்ன டபிள்யூடி-40 பற்றி. 1953-ல் அமெரிக்காவில் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது: டபிள்யூடி என்பது வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது நீரை விலக்குவது. 40 என்பது அந்தச் சேர்மானத்தின் முயற்சி எண். லேசான பிடிப்புக்கு உதவும். ஆனால் ஆக்சிலுக்கும் உள்வளையத்துக்கும் இடையில் இருப்பது தலைமயிர் அகலம்கூட இல்லாத இடைவெளி. துரு அதே இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் துரு வளர்ந்தால் அது ஆப்பு அடித்தது போலத்தான். அங்கே எண்ணெய் நுழைய நாள் பிடிக்கும். துருநீக்கி எண்ணெய் என்றே தனியாக விற்பவை கொஞ்சம் மேல். வெளிநாட்டு மெக்கானிக்குகள் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுகிறார்கள், அது நன்றாகவே ஊடுருவும். ஆனால் அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு ஆகாது. பெயின்ட்டையும் தின்றுவிடும்.

இன்னொன்று, உப்பளத்து வண்டி என்றால் கதை சாதாரணத் துருவோடு நிற்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் தூளே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். தூத்துக்குடியில் ராத்திரி அந்த அளவு சாதாரணம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் அந்த ஆக்சில் வருடம் முழுக்க உப்பு நீரில் நனைந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளம் கடைசி அடி, அவ்வளவே. பிரேக் பிளேட் அலுமினியம், ஆக்சில் எஃகு. உப்பு நீர் நடுவில் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும், அலுமினியம் அரிபடும். அங்கே வெள்ளையாக மாவு போலப் பூத்திருந்தால் அதுதான்.

ஏரல்_ஆர்எக்ஸ்

லேத்து அண்ணாச்சி, சோதனை முடிந்தது.

சக்கரம் சுற்றுகிறது, உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம். ஆக்சில் சுற்றவில்லை. தலையில் ஸ்பானர் போட்டுக் குழாயோடு தொங்கியும் முதலில் அசையவில்லை. துருநீக்கி எண்ணெய் விட்டுவிட்டு ஒரு வாரம் வேறு வேலையில் இருந்தேன், தினமும் போகிற வருகிற நேரத்தில் கொஞ்சம் விட்டேன். நேற்று மறுபடி குழாயை மாட்டி அழுத்தியபோது "டக்" என்று ஒரு சத்தம், ஆக்சில் திரும்பிவிட்டது. தலைப்பக்கத்து ஆர்மில் போட்ட கோடு உடைந்தது. ஆனால் தலைக்கும் பிரேக் பக்கக் காலருக்கும் இடையில் போட்ட கோடு நேராகவே இருக்கிறது, இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. வெளியே மட்டும் வரவில்லை.

உலோகக்_குறிப்பு சார் சொன்ன வெள்ளை மாவு பிரேக் பிளேட் துளையைச் சுற்றி அப்படியே இருக்கிறது.

லேத்துப்பட்டறை

பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆர்ம் விட்டுவிட்டது. காலரும் பேரிங் உள்வளையமும் ஆக்சிலைப் பிடித்திருக்கின்றன. இனிமேல் எண்ணெயைத் தலைப்பக்கம் விட்டுப் பயனில்லை, காலருக்கும் பிரேக் பிளேட்டுக்கும் நடுவில் போக வேண்டும். வண்டியை அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்து விடுங்கள், எண்ணெய் தானே இறங்கும். பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் போகும், உள்ளே உரசுகிற பிரேக் லைனர் வீணாகும். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

அந்த டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து லைனரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போடுங்கள்.

மதுரைக்காரன்77

இப்பவாவது கேஸ் வெல்டிங் டார்ச் காட்டலாமா? எங்கள் பக்கம் லாரி வேலையில் இரும்பைச் சிவக்கச் சூடாக்கி ஒரு தட்டு தட்டினால் எல்லாம் வரும்.

லேத்துப்பட்டறை

> மதுரைக்காரன்77 எழுதியது: இரும்பைச் சிவக்கச் சூடாக்கி ஒரு தட்டு

லாரிக்குச் சரி. இங்கே பிடித்திருப்பது எஃகுக்குள் எஃகு, சுற்றிலும் அலுமினிய ஹப். டார்ச் காட்டினால் முதலில் சூடேறுவது ஹப்பும் உள்ளே இருக்கிற குஷன் ரப்பரும்தான். உள்வளையத்துக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் ஆக்சிலும் சேர்ந்து சூடாகி இரண்டும் ஒன்றாக விரியும், இடைவெளி அப்படியே இருக்கும். அலுமினியம் சிவந்து எச்சரிக்கையும் கொடுக்காது. திடீரென்று தொய்ந்து போகும்.

சூடு உதவுவது பிரேக் பிளேட்டுக்கு மட்டும். அதற்கும் டார்ச் வேண்டாம்.

வல்வை_மோட்டோ

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கமும் கடற்கரை, ஹோண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள்கள் இன்னமும் ஓடுது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய சைக்கிள்கள் அவை. அவற்றின் பின் சில்லு அச்சு இப்பிடித்தான் இறுகும்.

சூடு தேவை என்றால் கொதிதண்ணி போதும், தம்பி. பழந்துணியைப் பிரேக் பிளேட் துவாரத்தைச் சுற்றிக் கட்டி, கேத்தலால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கோ. அலுமினியம் விரியும், ரப்பருக்கும் ரயருக்கும் ஒன்றும் ஆகாது.

மற்றது, அடிக்கும்போது ஸ்விங் ஆர்ம் வில்லு மாதிரித் துள்ளுதா என்று பாருங்கோ. துள்ளினால் உங்கட அடி முழுக்க அதுக்குள்ளேயே போய்விடும், அச்சுக்குப் போகாது. எதிர்ப்பக்கம் அச்சின் தலை உள்ளே போகும் அளவுக்கு ஒரு தடித்த இரும்புக் குழாயை ஆர்மோடு முட்டவைத்து, குழாயின் மற்ற முனையைச் சுவருக்கு முண்டு கொடுங்கோ. அப்ப அடித்தால் அச்சு மட்டும்தான் நகர வேண்டி வரும்.

உலோகக்_குறிப்பு

கொதிநீர் யோசனைக்கு ஒரு கணக்கு. 35 மி.மீ. துளை உள்ள அலுமினியம் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.06 மி.மீ. விரியும். அதே அளவு எஃகு அதில் ஏறத்தாழ பாதிதான் விரியும். பேரிங் ஹப்பில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதே நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கணக்கில் என்பதால் அந்த வித்தியாசம் போதும். பின்னால் பேரிங் எடுக்கும்போதும் இதே கொதிநீர் உதவும்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரேக் கிளீனர் ஸ்பிரே சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. அதை அடித்த இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் நெருப்பு வேண்டாம்.

ஈசிஆர்_ரைடர்

கோக் ஊற்றினால் துரு கரையும் என்கிறார்களே?

உலோகக்_குறிப்பு

கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, மேல் துருவைக் கொஞ்சம் கரைக்கும். ஆணியை ஒரு நாள் ஊறப்போட்டால் பளிச்சென்று வரும். ஆனால் இறுகிய இடத்துக்குள் அது நுழையாது. சர்க்கரைப் பாகு பேரிங்குக்குள் போனதுதான் மிச்சமாகும். குடித்துவிடுங்கள்.

ஏரல்_ஆர்எக்ஸ்

கொதிநீர், முண்டு, பித்தளைக் கட்டை எல்லாம் செய்தாயிற்று. முதலில் நசுங்கிய முனையை அரத்தால் ராவி நட்டைப் போட்டுக்கொண்டேன், போவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கொதிநீர் ஊற்றியதும் பிரேக் பிளேட் தனியாக ஆடத் தொடங்கிவிட்டது. வல்வை அண்ணைக்கு நன்றி. ஆனால் ஆக்சில் ஒரு விரற்கடை வெளியே வந்து அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு அடித்தாலும் அதற்கு மேல் இல்லை.

லேத்துப்பட்டறை

அடிப்பதை நிறுத்துங்கள். வெளியே வந்ததைத் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி உள்ளே தள்ளுங்கள். அப்புறம் வெளியே. துருத் தூள் முன்னால் குவிந்துதான் அடைக்கிறது, உள்ளேயும் வெளியேயும் போய்வந்தால் அது அரைந்து எண்ணெயோடு கலந்து வெளியேறும். ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போனால் இன்னும் இறுகும்.

அதற்கும் மசியாவிட்டால் அடிக்காமல் இழுக்கலாம். பட்டறையில் நாங்கள் செய்வது இது. அரை அங்குலத் தகடு இரண்டு. ஒன்று நட் பக்கம், ஆக்சில் முனைக்கு நேராக. இன்னொன்று தலைப்பக்கத்து ஆர்முக்கு வெளியே. அதில் ஆக்சில் தலை தாராளமாக வெளியே வருகிற அளவுக்குத் துளை. இரண்டு தகடுகளையும் ஆக்சிலுக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு நீளத் திருகுக் கம்பிகளால் இணைக்க வேண்டும். கம்பி ஸ்போக்குகளுக்கு நடுவில் போகும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தகட்டுக்கும் ஆக்சில் முனைக்கும் நடுவில் ஒரு கெட்டிக் கம்பித் துண்டு, ஆக்சிலைவிட ஒரு சுற்று மெலிதாக. இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். நன்றாக விறைத்ததும் தகட்டின் நடுவில் சுத்தியால் ஒரு தட்டு. இறுக்கம் பாதி வேலை, அந்தத் தட்டுதான் மீதி.

கடையில் கிடைக்கிற இரண்டு கால் புல்லரை நட் பக்க ஆர்மில் கொக்கி மாட்டித் தள்ளாதீர்கள். அது ஒரு ஆர்மை ஒரு பக்கம் இழுக்கும், ஹப் அடுத்த ஆர்மை மறுபக்கம் தள்ளும், ஸ்விங் ஆர்ம் விரிந்துவிடும். அப்புறம் செயின் நேர்கோட்டில் ஓடாது.

ஏரல்_ஆர்எக்ஸ்

உள்ளே தள்ளி வெளியே எடுத்துப் பார்த்ததில் அந்த ஒரு விரற்கடை இப்போது லேசாகவே போய்வருகிறது. அதற்கு மேல் இல்லை. தகடு வேலைக்கு ஆள் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம். வெளியே வந்த நிலையில் தலையைத் திருப்பினால் அது நேராகச் சுற்றவில்லை, சின்னதாக ஒரு வட்டம் போடுகிறது. இது சகஜமா?

லேத்துப்பட்டறை

சகஜமில்லை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் தகடு பேச்சே எடுத்திருக்க மாட்டேன்.

ஆக்சில் வளைந்திருக்கிறது. உப்பு மூட்டை ஏற்றிக் குழியில் விழுந்து எழுந்து ஓடிய வண்டியில் இது நடப்பதுதான். வளைந்த கம்பி இரண்டு பேரிங், ஒரு ஸ்பேசர் வழியாக நேராக வெளியே வராது. எத்தனை எண்ணெய் விட்டாலும் எவ்வளவு தள்ளினாலும் வளைவு வந்து முதல் பேரிங்கில் முட்டும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் ஹப்பில் பேரிங் உட்காரும் இடம் வெடிக்கும். நீங்கள் காப்பாற்ற நினைக்கிற பொருளே அதுதானே.

அறுத்துவிடுங்கள்.

அசல்_ஆர்எக்ஸ்_மட்டும்

அய்யோ, அசல் ஆக்சிலை அறுக்கவா? 1985-ல் தொடங்கி 1996-ல் நின்றுபோன வண்டி இது, அதோடு வந்த பாகம் எதுவுமே இனி வராது. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் மாற்றுத் தயாரிப்பு. நல்ல பட்டறையில் முழுச் சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மையும் கழற்றிக் கொடுத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து எடுங்கள். எடுத்து நேராக்கிக்கொள்ளலாம்.

லேத்துப்பட்டறை

வளைந்து நேராக்கிய ஆக்சிலில் நீங்கள் பின்னால் உட்காருவீர்களா அண்ணே? நான் உட்கார மாட்டேன். அசலாக இருந்தாலும் வளைந்த ஆக்சில் இரும்புக் கடைக்குத்தான். பிரஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விங் ஆர்மோடு சேர்த்துப் பிரஸ்ஸில் நிறுத்த சமதளமே கிடைக்காது, கோணலாக அழுத்தினால் ஆர்ம்தான் முறியும். அறுத்துச் சக்கரத்தைத் தனியாக எடுத்த பிறகு ஹப்பை மட்டும் பிரஸ்ஸில் வைப்பது வேறு விஷயம்.

அசல்_ஆர்எக்ஸ்_மட்டும்

வளைந்தது என்றால் சரி, நான் வாதாடவில்லை. ஆனால் அறுத்த துண்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். புதுசு வாங்கும்போது தலையின் வடிவம், நீளம், திருகின் அளவு எல்லாம் ஒத்துப் பார்க்க வேண்டும். மாற்றுத் தயாரிப்பில் நீளம் கொஞ்சம் முன்னப்பின்ன வரும், காட்டர் பின் துளை நட்டுக்கு நேராக வராது.

லேத்துப்பட்டறை

அது நல்ல யோசனை.

ஏரல் தம்பி, அறுக்கும் முன் காலர்களின் நீளத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆக்சிலோடு காலரும் சேர்ந்து அறுபடும். அந்த நீளம்தான் சக்கரம் ஸ்விங் ஆர்முக்கு நடுவில் நிற்பதற்குப் பொறுப்பு. கடையில் கிடைக்காவிட்டாலும் அளவு இருந்தால் லேத்தில் கடைந்து தருவார்கள். இதை மறந்துவிட்டு அப்புறம் வாஷர் அடுக்கி ஓட்டுகிறவர்கள் பலர்.

அறுக்கிற இடம் ஆர்முக்கும் பிரேக் பிளேட்டுக்கும் நடுவில் ஒன்று, பல்சக்கரப் பக்கம் ஆர்முக்கும் காலருக்கும் நடுவில் ஒன்று. இடம் குறைவு. நாலங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கனமுள்ள மெல்லிய டிஸ்க் போடுங்கள், கனமான டிஸ்க் ஆர்மையும் சேர்த்துத் தின்னும். பெட்ரோல் டேங்க்கை இறக்கித் தூரமாக வைத்துவிடுங்கள், பெட்ரோல் வால்வை மூடினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டயர், ஹப், ஆர்ம் மேல் ஈரச் சாக்குப் போடுங்கள், பொறி பெயின்ட்டில் ஒட்டினால் அந்த இடத்தில் பிறகு துருப் பிடிக்கும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். கிரைண்டர் பயமாக இருந்தால் ஆக்சா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுக்கலாம். நேரம் ஆகும், கை வலிக்கும், ஆனால் அறுபடும். இதுமாதிரி ஆக்சில் பெரும்பாலும் பிளேடுக்கு மசியக்கூடிய இரும்புதான்.

மதுரைக்காரன்77

ஒரு சந்தேகம். இத்தனை நாள் எண்ணெய் விட்ட இடம் அது. பொறி பறக்கும்போது தீப்பிடிக்காதா?

லேத்துப்பட்டறை

நல்ல கேள்வி. பிடிக்கும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் இல்லை, சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிரைண்டர். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

ஏரல்_ஆர்எக்ஸ்

அறுத்தாயிற்று. கிரைண்டர் வேலையைப் பட்டறை நடத்தும் நண்பன் ஒருவனைக் கூட்டிவந்து செய்ய வைத்தேன். சக்கரம் கீழே இறங்கிவிட்டது. ஆர்மில் ஒரு கீறல்கூட இல்லை. ஆர்மில் மிச்சமிருந்த இரண்டு துண்டுகளும் விரலால் தள்ளினாலே வந்தன.

ஹப்பை பிரஸ்ஸில் வைத்து அழுத்தினோம். நடுத்துண்டு வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. பிரேக் பக்கப் பேரிங் முழுசாக அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஸ்பேசர் குழாயும் வந்தது. அடுத்த பக்கப் பேரிங் உடைந்து, உள்வளையம் மட்டும் ஆக்சிலோடு வந்துவிட்டது. குண்டுகள் தரையெல்லாம் ஓடின. வெளிவளையம் ஹப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு விளிம்பும் இல்லை, ஹப்பின் உள்ளே பின்பக்கம் இருக்கும் தோள் போன்ற படி அதை முழுக்க மறைக்கிறது.

ஸ்பேசரை வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஆக்சிலின் நடுப்பகுதியில் துரு செதில் செதிலாக, படிக்கல் மாதிரி அடுக்கடுக்காக நின்றது. நகத்தால் சுரண்டினால் ஒரு அடுக்கு உரிகிறது, அதன் கீழே இன்னொன்று. பேரிங் இருந்த இடத்தில் மட்டும் ஆக்சில் பளபளப்பாக, ஒரு வளையம் மாதிரி.

லேத்துப்பட்டறை

அந்தப் பளபளப்பு வளையம் தேய்மானம். உள்வளையத்துக்குள் ஆக்சில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, நட் பல காலம் சரியாக இறுக்கப்படவில்லை. முதலில் ஆட்டம், அப்புறம் அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர், அப்புறம் துரு.

வெளிவளையத்துக்கு ஒரு வித்தை இருக்கிறது. ஆர்க் வெல்டிங்கில் அந்த வளையத்தின் உட்பக்கம், குண்டுகள் ஓடிய பள்ளத்திலேயே சுற்றிவர ஒரு வரி வெல்டிங் போடச் சொல்லுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், வளையத்தையும் சேர்த்துச் சுருக்கும். பக்கத்து அலுமினியம் அதே சூட்டில் விரிந்திருக்கும். ஹப்பைக் கவிழ்த்துத் தட்டினால் வளையம் தானாக விழும். எர்த் கிளிப்பை அந்த வளையத்திலேயே மாட்டுங்கள், ஹப்பில் மாட்டினால் நல்ல இடத்தில் தீப்பொறி பட்டுப் பள்ளம் விழும். உலோகக்_குறிப்பு சார் சொன்ன பாஸ்ஜீன் எச்சரிக்கை நினைவிருக்கட்டும், ஹப்பில் பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

ஏரல்_ஆர்எக்ஸ்

விழுந்துவிட்டது அண்ணாச்சி. வெல்டிங் ஆள் முதலில் நம்பவில்லை, கீழே விழுந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான், சின்னப் பையன்களுக்குக் காட்டுவானாம்.

ஹப் துளையில் கீறல் இல்லை. இனி மாட்டுவதற்கு என்ன கவனிக்க வேண்டும்?

அசல்_ஆர்எக்ஸ்_மட்டும்

பேரிங் வாங்கும்போது பழைய பேரிங் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து அல்ல. 6301 என்றால் உள்துளை 12 மி.மீ., 6302 என்றால் 15. எண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி என்று குறித்திருப்பதைக் கேளுங்கள். உப்பளத்து ஊருக்குத் தகரமூடி போதாது. போலி பேரிங் சந்தையில் நிறைய, விலை பாதி என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

லேத்துப்பட்டறை

முதல் பேரிங்கைத் தோள் வரை அடித்து உட்கார வைத்து, ஸ்பேசர் குழாயைப் போட மறக்காமல், அடுத்ததை ஸ்பேசரில் தொடும் வரை மட்டும். அதற்கு மேல் அடித்தால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி சீக்கிரம் போகும். அடிப்பது வெளிவளையத்தில், பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே கட்டையாக வைத்து. ஸ்பேசரை மறந்து நட்டை இறுக்கிய வண்டிகள் எத்தனையோ வந்திருக்கின்றன.

ஆக்சிலுக்கு கிரீஸ், முழு நீளத்துக்கும், மெல்லியதாக. திருகில் வேண்டாம். திருகில் கிரீஸ் இருந்தால் அதே விசையில் நட் கூடுதலாக இறுகிவிடும், கையேட்டில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உலர்ந்த திருகுக்கானது. காட்டர் பின் புதுசு.

ஈசிஆர்_ரைடர்

செம்பு கிரீஸ் போடலாமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் பூசுகிறார்கள்.

உலோகக்_குறிப்பு

உப்புக் காற்றில் அலுமினியம் பக்கத்தில் செம்பு வேண்டாம் என்பது என் கருத்து. நான் முதலில் சொன்ன பேட்டரி இன்னும் பலமாகும். நீரில் கரையாத நல்ல மெரீன் கிரீஸ் போதும். படகு இஞ்சின் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும், தூத்துக்குடியில் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

லேத்துப்பட்டறை

நான் சாதாரண லித்தியம் கிரீஸ்தான் போடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஆக்சிலை வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டால் எந்த கிரீஸாக இருந்தாலும் சரி. எடுக்காவிட்டால் எந்த கிரீஸும் நிற்காது.

உலோகக்_குறிப்பு

வருடா வருடம் எடுப்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. அதனால்தான் மெரீன் என்கிறேன்.

ஏரல்_ஆர்எக்ஸ்

மெரீன் கிரீஸே வாங்கிவிட்டேன், மீன்பிடி துறைமுகம் பக்கம் கிடைத்தது. புது ஆக்சில் வந்தது, அசல்_ஆர்எக்ஸ் அண்ணன் சொன்ன மாதிரி பழைய துண்டோடு ஒத்துப் பார்த்ததில் முதல் கடையில் கொடுத்தது நீளம் குறைவு, வேறு கடையில் மாற்றினேன். காலர் இரண்டும் லேத்தில் கடைந்தது. சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

இப்போது ஸ்விங் ஆர்மை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் பிவட் போல்ட். அதுவும் அசையவில்லை.

லேத்துப்பட்டறை

எதிர்பார்த்ததுதான். அதே சோதனை, அதே பெயின்ட் கோடு. முதலில் போல்ட் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள், அடிக்க வேண்டாம். இங்கே ஒரு நல்லது உண்டு, சுற்றிலும் எஃகுச் சட்டம், அலுமினியம் இல்லை. ரப்பர் புஷ் எப்படியும் மாற்ற வேண்டியது என்றால் சூடும் கொடுக்கலாம். மதுரைக்காரர் ரொம்ப நாளாக டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

மதுரைக்காரன்77

டேங்க்கை இன்னும் மாட்டவில்லையே? அப்படியே இருக்கட்டும். வயரிங்கையும் பின்பக்கம் ஒதுக்கிக் கட்டுங்கள் தம்பி, புஷ் ரப்பர் எரிந்தால் கறுப்புப் புகை வரும், அதனால் வேலையை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.